பாராலீகல், இன்வெஸ்டிகேஷன் கோர்ஸுக்கு காச கட்டிட்டு நொந்து போயிருக்கீங்களா? தென்னாப்பிரிக்கால நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

டர்பன்ல இன்சூரன்ஸ் க்ளெய்ம் விசாரிக்கிற வேலையில இருக்கேன். அதனால சேட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்து பசங்களும் சரி, ஊர்லேர்ந்து இங்க வேலைக்கு வந்தவங்களும் சரி, ஒரே விஷயத்த என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறாங்க. பாராலீகல் (வக்கீலுக்கு உதவியா சட்ட வேலை பாக்கறவங்க) கோர்ஸ், பிரைவேட் இன்வெஸ்டிகேட்டர் கோர்ஸ், ஃபாரென்சிக் இன்டர்வியூ வொர்க்‌ஷாப், லேபர் லா டிப்ளமான்னு ஏதோ ஒண்ணுக்கு காசு கட்டியிருப்பாங்க, முடிச்சப்புறம் "இதுக்கா இவ்ளோ குடுத்தோம்"னு புலம்புவாங்க. தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் அட்டர்னி (வக்கீல்) கிடையாது, பெரிய தொகைன்னா ஒரு அட்டர்னிய பாத்துடுங்க.

அண்ணா, எல்லாரும் கோர்ஸ் மோசம் மோசம்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் குறை?

நான் கேட்ட புலம்பல்ல முக்காவாசி வாத்தியார் பத்தினதே இல்ல. வாத்தியார் ரிட்டயர்டு போலீஸ்காரரா இருப்பாரு, நல்லா கதை சொல்வாரு, ரெண்டு நாள் போறதே தெரியாது. பிரச்சனை என்னன்னா இவங்க வாங்கினது ஒண்ணு, அவங்க வித்தது வேற. இவங்க மனசுல இருந்தது லைசன்ஸ், வேலை, கோர்ட்ல போய் நிக்கிற உரிமை. கையில வந்தது வகுப்புக்கு வந்தாருன்னு சொல்ற ஒரு பேப்பர். பிரோஷர்ல எங்கயும் பச்சையா பொய் இருக்காது, "கரியரை தொடங்குங்கள்"னு இருக்கும், ஒரு கோட் சூட் போட்ட ஆளு படம் இருக்கும், மீதிய நாமளே நிரப்பிக்குவோம். அதுக்கப்புறம் வர்ற குறைன்னா வேற நாட்டு சட்டத்த சொல்லிக் குடுக்கறது, சர்டிபிகேட்ட மாசக்கணக்குல இழுத்தடிக்கிறது, நாம குடுத்த அசைன்மென்ட் ஃபைல, அதாவது போர்ட்ஃபோலியோவ தொலைச்சிடறது. இதெல்லாம் நிஜம்தான், ஆனா முதல் குறைதான் ஆள உடைக்குது.

பிரோஷர்ல "அக்ரெடிட்டட்"னு பெருசா போட்டிருந்துச்சே, அப்ப சரியானதுதானே?

யாரு அக்ரெடிட் பண்ணாங்க, எத பண்ணாங்கன்னு பாருங்க. இங்க குவாலிபிகேஷன் எல்லாம் சாக்வா, அதாவது தென்னாப்பிரிக்க தகுதி ஆணையத்துல பதிவாகி இருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐடி நம்பர் உண்டு, அவங்க வெப்சைட்ல போட்டா வந்துடும். தொழில் சார்ந்த குவாலிபிகேஷனுக்கு மேற்பார்வை க்யூ.சி.டி.ஓ-ன்ற தரக் கவுன்சில். செக்யூரிட்டி, போலீஸ், சட்டம் எல்லாம் சாசெட்டான்ற செட்டாவோட, அதாவது துறைவாரி பயிற்சி ஆணையத்தோட ஏரியா. ஒரு கம்பெனி செக்யூரிட்டி கார்டு ட்ரெய்னிங்குக்கு அக்ரெடிடேஷன் வாங்கி வெச்சுக்கிட்டு, அதே லோகோவ ஃபாரென்சிக் வொர்க்‌ஷாப் பிரோஷர்லயும் ஒட்டிடலாம், படிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால "உங்க கம்பெனி அக்ரெடிட்டடா"ன்னு கேக்காதீங்க, "இந்த கோர்ஸோட சாக்வா ஐடி என்ன, எந்த லெவல், எத்தன கிரெடிட்"னு கேளுங்க. நம்பர் சொல்ல திணறினாங்கன்னா அங்கயே பதில் கிடைச்சிடுச்சு.

இன்னொண்ணு, இது யாரும் கணக்கு போட்டு பாக்கறதில்ல. ஒரு கிரெடிட்னா 10 மணி நேர படிப்பு, வகுப்பு, வீட்டு வேலை, அசைன்மென்ட் எல்லாம் சேத்து. 60 கிரெடிட் கோர்ஸ்னா 600 மணி நேரம். அத ரெண்டு வீக்எண்ட்ல முடிச்சுத் தர்றோம்னு ஒருத்தன் சொன்னா மீதி மணி நேரம் எங்க போச்சுன்னு கேக்கணுமா வேணாமா?

2009-க்கு முந்தின பழைய குவாலிபிகேஷன் நிறைய மூடிட்டு வர்றாங்க. சேர்றதுக்கு ஒரு கடைசி தேதி, முடிக்கறதுக்கு வேற ஒரு கடைசி தேதி சாக்வா பக்கத்துலயே போட்டிருக்கும், ரெண்டையும் பாத்துட்டு காசு கட்டுங்க.

இன்வெஸ்டிகேட்டர் கோர்ஸ் முடிச்சாச்சு, இனி பிரைவேட் டிடெக்டிவ்னு போர்டு வெச்சுக்கலாமா?

முடியாது. இங்க பிரைவேட் இன்வெஸ்டிகேட்டரும் 2001-ஆம் வருஷ 56-ஆம் நம்பர் சட்டப்படி செக்யூரிட்டி சர்வீஸ் குடுக்கறவங்க கணக்குலதான் வர்றாங்க, பி.எஸ்.ஐ.ஆர்.ஏ-ன்ற செக்யூரிட்டி துறை ஆணையத்துல ரெஜிஸ்டர் பண்ணணும், பண்ணாம காசு வாங்கி விசாரிச்சா குற்றம். கோர்ஸ் சர்டிபிகேட் அந்த ரெஜிஸ்ட்ரேஷன் ஆகாது.

ஊர்லேர்ந்து வொர்க் விசால வந்திருக்கிறவங்க இத ரெண்டு தடவ படிங்க. அந்த சட்டத்தோட 23-ஆவது பிரிவுல, ரெஜிஸ்டர் ஆகணும்னா குடிமகனா இருக்கணும் இல்லன்னா பெர்மனன்ட் ரெசிடென்ட் ஆ இருக்கணும்னு தெளிவா இருக்கு. 18 வயசு, கிரிமினல் ரெக்கார்டு எல்லாம் அதுக்கு மேல. தற்காலிக விசால இருக்கிற ஒருத்தர்கிட்ட முழு பீஸையும் வாங்கிட்டு, இத பத்தி மூச்சு விடாத ட்ரெய்னிங் கம்பெனிங்க இருக்கு. எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இதுதான், ஏன்னா பாஸ்போர்ட் காப்பிய அட்மிஷன் ஃபார்மோட வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் இத பண்றாங்க.

பாராலீகல் டிப்ளமா வெச்சுக்கிட்டு கோர்ட்லயோ சி.சி.எம்.ஏ-லயோ (வேலைத் தகராறு தீக்கற ஆணையம்) ஆஜராகலாமா?

கோர்ட்ல காசு வாங்கிட்டு ஆஜராகறது, கோர்ட் பேப்பர் தயார் பண்ணித் தர்றது எல்லாம் 2014-ஆம் வருஷ லீகல் ப்ராக்டிஸ் சட்டத்துல 33-ஆவது பிரிவுப்படி அட்டர்னி, அட்வகேட்டுக்கு மட்டும்தான். பாராலீகலுக்கு அவங்களுக்கு இருக்கிற மாதிரி ரெஜிஸ்டரோ லைசன்ஸோ இன்னும் வரல. சட்ட உதவி மையத்துலயும் அட்டர்னி ஆபீஸ்லயும் பாராலீகலுக்கு நல்ல வேலை இருக்கு, அத நான் குறைச்சு சொல்லல. ஆனா "சொந்தமா ப்ராக்டிஸ் தொடங்கலாம்"னு வித்திருந்தா அது ஏமாத்து.

சி.சி.எம்.ஏ-லயும் அதே கதைதான். யூனியன் ஆளு வரலாம், முதலாளி சங்கத்து ஆளு வரலாம், சில கட்டத்துல சில கேஸ்ல வக்கீல் வரலாம். லேபர் கன்சல்டன்ட்னு விசிட்டிங் கார்டு அடிச்சுக்கிட்டு பீஸ் வாங்கிட்டு போய் உக்கார எந்த உரிமையும் கிடையாது.

அட்டர்னி ஆகணும்னா எல்.எல்.பி, அப்புறம் ஆர்ட்டிக்கிள்ஸ் (அட்டர்னி ஆபீஸ்ல பயிற்சி), அப்புறம் போர்டு எக்ஸாம். அதுலயும் குடிமகன் இல்லன்னா பெர்மனன்ட் ரெசிடென்ட்தான். இத எதுத்து கேஸ் போட்டாங்க, 2022 ஆகஸ்ட்ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் அந்த கட்டுப்பாடு செல்லும்னு சொல்லிடுச்சு. ஊர்ல பி.எல் முடிச்சுட்டு இங்க ஒரு ஆறு மாச கோர்ஸ்ல "கன்வர்ட்" பண்ணிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ட்ரெய்னர் ஸ்லைடு முழுக்க அமெரிக்கா, மிராண்டா வார்னிங், ஜூரிய எப்படி கன்வின்ஸ் பண்றதுன்னு ஓடுச்சு. இது ஒரு குறையா?

குறையில்லாம? இந்த நாட்டுல ஜூரிய 1969-லயே ஒழிச்சாச்சு. மாஜிஸ்ட்ரேட் இல்லன்னா ஜட்ஜ்தான் கேக்குறாங்க. மிராண்டா, அதாவது கைதானவங்களுக்கு போலீஸ் உரிமைய படிச்சுக் காட்டறது, அமெரிக்க கோர்ட்டோட சமாச்சாரம், இங்க கைதானவங்களோட உரிமை அரசியல் சட்டத்துல 35-ஆவது பிரிவுல இருக்கு, தப்பான வழியில எடுத்த சாட்சியத்த கோர்ட் தள்ளிடலாம்ன்றதும் அதே பிரிவுலதான். ஒரு இன்வெஸ்டிகேட்டருக்கு தெரிஞ்சே ஆகவேண்டியது அது. சர்வதேச பட்டம்னா பரவால்ல, உதாரணத்துக்கு மோசடி விசாரிக்கிறவங்களோட அமைப்பான ஏ.சி.எஃப்.இ குடுக்கற சி.எஃப்.இ, அது 1988-ல டெக்சாஸ்ல ஆரம்பிச்ச அமைப்பு, வெளிநாட்டு விஷயமும் இருக்கத்தான் செய்யும், அது தெரிஞ்சுதான் சேர்றோம். "தென்னாப்பிரிக்க சட்டம்"னு தலைப்பு போட்டுட்டு டெக்சாஸ் ஸ்லைடு ஓட்டினா அது வேற.

சும்மா ரசனை பிரச்சனைன்னு விடாதீங்க, ஆபத்தும் இருக்கு. அடுத்தவங்க பேசற போன் கால ரெக்கார்டு பண்றது எப்படி, மனைவி போன்ல ஆப் போடறது எப்படின்னு கிளாஸ்ல குஷியா சொல்லித் தர்றவங்க உண்டு. ரிக்கான்ற சட்டப்படி நீங்க பேசற கால நீங்க ரெக்கார்டு பண்ணிக்கலாம், நீங்க இல்லாத கால ஒட்டுக் கேட்டா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 20 லட்சம் ராண்ட் வரைக்கும் அபராதம். ட்ரெய்னர் வரமாட்டாரு, நீங்கதான் போவீங்க.

அதே மாதிரி நிஜ கேஸ் ஃபைல திரையில போட்டு, பேரு, ஐடி நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் தெரிய பாடம் எடுக்கறாங்க. அது தனிப்பட்ட தகவல காக்கற போப்பியா சட்டத்துக்கு விரோதம். புகார்ல தாராளமா எழுதலாம்.

ஒரே நாள்ல பொய்ய கண்டுபிடிக்க சொல்லித் தர்றோம்னாங்க. ஆபீஸ்ல வந்து ட்ரை பண்ணா ஒண்ணும் வேலைக்காகல, எனக்குத்தான் வரலயா?

உங்களுக்கு மட்டும் இல்ல, யாருக்கும் வராது. பாண்ட், டிபாலோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க 2006-ல அதுவரைக்கும் நடந்த சோதனைய எல்லாம் ஒண்ணா சேத்து பாத்தாங்க, 24,000 பேருக்கு மேல. பொய்யா நிஜமான்னு சரியா சொன்னது சராசரி 54 சதவீதம். காச சுண்டி போட்டாலே 50 வரும். மூக்க தொட்டா பொய், இடது பக்கம் பாத்தா பொய்னு சொல்றதெல்லாம் டிவி. பாலிகிராஃப் ரிசல்ட்டையே சி.சி.எம்.ஏ தனியா வெச்சு ஒருத்தன குற்றவாளின்னு ஒத்துக்காது, கூட வேற சாட்சி வேணும்னு கேக்கும். நல்ல இன்டர்வியூ ட்ரெய்னிங்னா ப்ளான் பண்றது, திறந்த கேள்வி கேக்கறது, சொன்னத வெளி ஆதாரத்தோட ஒப்பிடறது. இங்கிலாந்து போலீஸ் 90-கள்ல கொண்டு வந்த PEACE-ன்ற இன்டர்வியூ மாடல் அந்த வழிதான். போர் அடிக்கும், ஆனா வேலை செய்யும்.

கடைசி நாள் ஃபீட்பேக் ஃபார்ம்ல "எக்ஸலண்ட்"னு டிக் அடிச்சிட்டேன். இப்ப குறை சொன்னா எடுபடுமா?

எடுபடும். எல்லாரும் அப்படித்தான் அடிக்கறாங்க, சர்டிபிகேட் அடுத்த டேபிள்ல இருக்கு, ட்ரெய்னர் பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு, காருக்கு போகணும். அந்த ஃபார்ம் அந்த நிமிஷ மூட மட்டும்தான் சொல்லும், படிச்சது வேலையில உதவுச்சான்றத சொல்லவே சொல்லாது. 1959-லேயே டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒருத்தர் ட்ரெய்னிங்க நாலு கட்டமா அளக்கணும்னு எழுதி வெச்சாரு, புடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில மாறினாங்களா, பலன் வந்துச்சான்னு. நம்ம கம்பெனிங்க முதல் கட்டத்தோட நின்னுடுது. உங்க புகார்ல இத மறைக்காதீங்க, "அன்னைக்கு நல்லா இருக்குன்னு எழுதினேன், அதுக்கப்புறம் ரெஜிஸ்டர் பண்ண போனப்ப இது செல்லாதுன்னு தெரிஞ்சுது"ன்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க, அவங்க தூக்கிக் காட்ட ஒண்ணும் இருக்காது.

காசு திரும்ப வருமா? காண்ட்ராக்ட்ல "நோ ரீஃபண்ட்"னு போட்டிருக்கே.

போட்டிருக்கறதாலேயே முடிஞ்சு போயிடல. 2008-ஆம் வருஷ கன்ஸ்யூமர் ப்ரொடக்‌ஷன் சட்டம் குடுக்கற உரிமைய காண்ட்ராக்ட்ல எழுதி பறிக்க முடியாது. எது உங்களுக்கு பொருந்தும்னு பாக்கணும்.

அவங்களா போன் பண்ணி, மெசேஜ் பண்ணி, மால்ல ஸ்டால் போட்டு பிடிச்சு சேத்திருந்தாங்கன்னா அது டைரக்ட் மார்க்கெட்டிங். 5 வேலை நாளுக்குள்ள எழுத்துல கேன்சல் பண்ணா காரணமே சொல்ல வேணாம். நீங்களா வெப்சைட்ல போய் கட்டியிருந்தா வேற சட்டம், 2002-ஆம் வருஷ எலக்ட்ரானிக் பரிவர்த்தனை சட்டத்துல 7 நாள் இருக்கு, ஆனா அந்த 7 நாளுக்குள்ளேயே உங்க சம்மதத்தோட கிளாஸ் ஆரம்பிச்சிருந்தா அது கிடைக்காது. அதனாலதான் கட்டின அன்னைக்கே லாகின் அனுப்பி "உடனே மாட்யூல் 1 திறங்க"ன்றாங்க போல.

முன்கூட்டியே புக் பண்ணிட்டு போக முடியலன்னா கேன்சல் பண்ணலாம், அவங்க நியாயமான ஒரு தொகைய மட்டும்தான் பிடிச்சுக்கலாம். யாருக்காக புக் பண்ணோமோ அவங்க இறந்துட்டாலோ ஆஸ்பத்திரில சேந்துட்டாலோ அதுவும் பிடிக்கக் கூடாது.

கோர்ஸ் முடிஞ்சுது, தரம்தான் மோசம்னா கன்ஸ்யூமர் சட்டத்தோட 54-ஆவது பிரிவு. எந்த தரத்த ஒருத்தன் நியாயமா எதிர்பாப்பானோ அத குடுக்கல, சொன்ன தேதில குடுக்கலன்னா, குறைய சரி பண்ணித் தரச் சொல்லலாம் இல்ல பீஸ்ல நியாயமான ஒரு பங்க கேக்கலாம். முழு காசும் வரும்னு எதிர்பாக்காதீங்க, அஞ்சுல மூணு கிளாஸ் நல்லா நடந்திருந்தா அத நீங்க அனுபவிச்சாச்சு. லைசன்ஸ் கிடைக்கும்னு சொல்லி வித்திருந்தா 41-ஆவது பிரிவு. அதுல ஒரு அழகான விஷயம் இருக்கு, நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டது பளிச்சுனு தெரிஞ்சும் அவங்க திருத்தாம கம்முனு இருந்தாலும் அது சட்ட மீறல்தான். "இத முடிச்சா பி.எஸ்.ஐ.ஆர்.ஏ ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடும்ல"ன்னு நீங்க வாட்ஸ்அப்ல கேட்டு, அவங்க தம்ஸ் அப் போட்டு பேங்க் டீட்டெயில் அனுப்பியிருந்தாங்கன்னா அந்த ஸ்க்ரீன்ஷாட்ட பத்திரமா வெச்சுக்குங்க.

என் கோர்ஸுக்கு கம்பெனிதானே கட்டுச்சு?

அப்ப வாடிக்கையாளர் கம்பெனி, நீங்க இல்ல. கம்பெனியோட சொத்தோ வருஷ டர்ன்ஓவரோ 20 லட்சம் ராண்ட் அல்லது அதுக்கு மேலன்னா கன்ஸ்யூமர் சட்டம் அவங்களுக்கு பொருந்தாது, காண்ட்ராக்ட்ட வெச்சுத்தான் பேசணும். எச்.ஆர்-க்கு எழுதிப் போடுங்க. ரெண்டு வருஷம் வேலைல இருக்கணும்னு பாண்ட்ல கையெழுத்து போட்டிருந்தா அத எடுத்து படிங்க, உங்க எழுத்து சம்மதம் இல்லாம சம்பளத்துல அவங்களா பிடிக்கக் கூடாது.

புகார் லெட்டர் எப்படி எழுதறது? கோவத்துல நாலு பக்கம் எழுதிட்டேன்.

அத உங்களுக்காக வெச்சுக்குங்க, அனுப்பாதீங்க. நீங்க படிச்சதே ஸ்டேட்மென்ட் எழுதறதுக்குத்தானே, அதே முறையில இத எழுதுங்க. எப்ப, யாரு, என்ன சொன்னாங்க, என்ன குடுத்தாங்க, எது வரல, நீங்க என்ன கேக்குறீங்க. "ட்ரெய்னர் வேஸ்ட்"னு எழுதினா அது அபிப்பிராயம், அவங்க இன்னொரு அபிப்பிராயத்த எழுதி அனுப்பிடுவாங்க. "ப்ரோக்ராம்ல ரெண்டாம் நாள் சாட்சிய சட்டம்னு இருந்துது, அன்னைக்கு ட்ரெய்னர் 11 மணிக்கு வந்து 1 மணிக்கு முடிச்சாரு, லோட்‌ஷெடிங்னு சொல்லி மீதி கிளாஸ் ரத்து, மாத்து தேதி குடுக்கல"ன்னு எழுதினா பதில் சொல்லியே ஆகணும். பிரோஷர் காப்பி, ரசீது, வாட்ஸ்அப், அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் 1, 2, 3-ன்னு நம்பர் போட்டு கூட வைங்க, லெட்டர்ல அந்த நம்பர சொல்லுங்க.

தொகைய கணக்கோட கேளுங்க. 15,000 ராண்ட் கட்டி 5 நாள்ல 2 நாள் நடக்கலன்னா 6,000 ராண்ட் கேளுங்க. 15,000-மும் குடு, மன உளைச்சலுக்கு 50,000 குடுன்னா யாரும் சீரியஸா எடுக்கமாட்டாங்க. 14 நாள் டைம் குடுங்க. கூட படிச்ச நாலஞ்சு பேரும் இதே குறைன்னா ஒவ்வொருத்தரும் தனித்தனி லெட்டர் போடுங்க, ஒரே லெட்டர்ல பத்து கையெழுத்து போட்டா ஒருத்தர தனியா கூப்டு சமாதானம் பண்ணி மீதிய கலைச்சுடுவாங்க.

14 நாள் ஆச்சு, பதிலே இல்ல. எங்க போகணும்?

அக்ரெடிடேஷன் பொய்னா க்யூ.சி.டி.ஓ-வுக்கோ சாசெட்டாவுக்கோ. கன்ஸ்யூமர் விஷயம்னா நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன், இல்ல க்வாசூலு-நடால் மாகாண கன்ஸ்யூமர் ஆபீஸ். ட்ரெய்னர் அட்டர்னியா இருந்தா கூட லீகல் ப்ராக்டிஸ் கவுன்சிலுக்கு ஓடாதீங்க, பாடம் சரியா எடுக்கலன்றது அவங்க பாக்குற விஷயம் இல்ல.

காசு மட்டும்தான் வேணும்னா என் வோட்டு ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு. 2019 ஏப்ரல்ல அதோட வரம்பு 20,000 ராண்ட் ஆச்சு, உங்க தொகை அதுக்கு மேலன்னா மிச்சத்த விட்டுக் குடுத்துட்டு இங்கயே வரலாம். வக்கீல் ரெண்டு பக்கமும் கிடையாது, அதுதான் இதுல ருசி, பெரிய ட்ரெய்னிங் கம்பெனியும் தன் ஆள அனுப்பி நேர்ல பேசித்தான் ஆகணும். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல இருக்கிற க்ளார்க்கே ஃபார்ம் நிரப்ப உதவி பண்ணுவாரு, காசு வாங்கமாட்டாரு, சம்மன ஷெரிஃப் (கோர்ட் பேப்பர கொண்டு போய் குடுக்கறவர்) மூலமா அனுப்பினா மட்டும் அவரோட பீஸ நீங்க கட்டணும். தீர்ப்புக்கு அப்பீல் இல்லன்றத மட்டும் மனசுல வெச்சுக்குங்க. கடன் பாக்கி பொதுவா மூணு வருஷத்துல காலாவதி, அதனால "அடுத்த தீவாளிக்கு பாத்துக்கலாம்"னு தள்ளாதீங்க.

பாஸ் பண்ணிட்டேன், சர்டிபிகேட் மட்டும் மாசக்கணக்கா வரல.

ஸ்டேட்மென்ட் ஆஃப் ரிசல்ட்ஸ் எழுத்துல கேட்டு வாங்குங்க, வேலைக்கு அப்ளை பண்ண அது போதும். உங்க ரிசல்ட்ட நேஷனல் லேர்னர்ஸ் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸ்ல ஏத்த அனுப்பியாச்சான்னு கேளுங்க, பாதி தாமதம் அங்கதான். "நாட் யெட் காம்பிடென்ட்"னு வந்திருந்தா அது ஃபெயில் இல்ல, என்ன குறைன்னு அசெசர் எழுதித் தரணும், திரும்ப குடுக்கலாம், அப்பீலும் பண்ணலாம். போர்ட்ஃபோலியோவ குடுக்கறதுக்கு முன்னாடி முழுசா ஸ்கேன் பண்ணி வைங்க, தொலைச்சிட்டோம்னு சொல்றது சகஜம்.

பேஸ்புக்ல போட்டு கிழிக்கலாமா?

நடந்தத நடந்தபடி ஹெலோபீட்டர்ன்ற ரிவ்யூ வெப்சைட்ல எழுதலாம், அதுக்கு நிறைய கம்பெனி உடனே பதில் போடுது. "திருடன், ஃப்ராடு"ன்னு எழுதாதீங்க. இங்க அவதூறு கேஸ்ல உண்மைன்னு நிரூபிச்சா மட்டும் பத்தாது, பொது நன்மைக்காக சொன்னேன்னும் காட்டணும்.

புரட்டாசில வெச்ச கிளாஸ்ல லஞ்சுக்கு மட்டன் பிரியாணி, சைவம் தீந்து போச்சுன்னாங்க, இதையும் புகார்ல சேக்கலாமா அண்ணா?

ஃபார்ம்ல வெஜ்னு டிக் அடிச்சிருந்தா சேருங்கம்மா, கடைசி வரியா. முதல் வரியா போட்டா மீதிய யாரும் படிக்கமாட்டாங்க.

தம்பி மேட்ரிக் (12-ஆம் வகுப்பு) முடிச்சிருக்கான், இந்த மாதிரி கோர்ஸ்ல சேக்கலாமா?

அவன் என்னவா ஆகணும்னு ஆசப்படறானோ அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற ரெண்டு மூணு எடத்துக்கு, இன்சூரன்ஸ் கம்பெனியோ பேங்கோட ஃபாரென்சிக் டீமோ அட்டர்னி ஆபீஸோ, ஒரு மெயில் போட்டு "இந்த சர்டிபிகேட்ட ஏத்துக்குவீங்களா"ன்னு கேக்க சொல்லுங்க. எங்க டீம்ல ஆள் எடுக்கறப்ப நாங்க முதல்ல பாக்கறது அக்கவுண்டிங்கோ சட்டமோ படிச்ச டிகிரி, அப்புறம் ரிப்போர்ட் எழுதத் தெரியுமான்னு, வீக்எண்ட் சர்டிபிகேட்ட அதுக்கப்புறம்தான். அப்படியும் சேந்தே ஆகணும்னா முழு பீஸையும் ஒரே தவணைல கட்ட வேணாம், "இன்னைக்கே கட்டினா 20 சதவீதம் தள்ளுபடி"ன்னு அவசரப்படுத்தினா நாளைக்கு வர்றேன்னு எந்திரிச்சு வந்துட சொல்லுங்க, அந்த தள்ளுபடி பெரும்பாலும் நாளைக்கும் இருக்கும்.